விஷக்கல் வாங்கலாமா? கமக்காரர் கூட்டத்துக்கு முன் கருத்துச் சொல்லுங்கள்

உன்னிச்சை வட்டை எழுதியது:

எங்கள் கமக்காரர் அமைப்பில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பெரும்போக வெட்டு தொடங்குவதற்கு முன் பொதுப் பணத்தில் விஷக்கல், அதாவது பாம்பு கடித்த இடத்தில் வைத்தால் விஷத்தை உறிஞ்சும் என்று சொல்லப்படும் கல், வாங்கி வட்டையில் (வயல்வெளியில்) வைக்க வேண்டுமாம். யானைக் காவலுக்கு வாடியில் (காவல் குடிசையில்) படுப்பவர்களைப் பாம்பு கடிப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. போன போகத்திலும் ஒருவர் மயிரிழையில்தான் தப்பினார்.

இந்த யோசனையைக் கிளப்பியவர் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு வியாபாரி. புளியங்கொட்டை அளவில், பளபளவென்று மினுங்கும் கறுப்புக் கல். ஒன்று பதினெட்டாயிரம் ரூபாய், இரண்டாக எடுத்தால் முப்பதாயிரம். தன் விரலை ஊசியால் குத்தி, இரத்தம் கசிந்ததும் கல்லை வைத்தார். ஒட்டிக்கொண்டது. கையை உதறினார், விழவில்லை. சிறிது நேரத்தில் தானாகவே விழுந்தது. அதை எடுத்துப் பாலில் போட்டார். குமிழி குமிழியாக வந்தது. "விஷத்தைக் கக்குகிறது, பாருங்கள்" என்றார். அவருடைய விரலில் விஷம் எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால், படித்த பொடியன் எல்லாவற்றையும் மறுப்பான் என்று உட்கார வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வயதானவர்கள் கேட்டுத் தலையாட்டக்கூடிய காரணம் ஏதாவது உண்டா?

போடியார் பேரன் எழுதியது:

தம்பி, நான் படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு பரிசாரியார், அதாவது நாட்டு வைத்தியர், இருந்தார். வண்டில் கட்டிக்கொண்டு பத்து ஊர்களிலிருந்து அவரிடம் வருவார்கள். கல்லை வைப்பார், பார்வை பார்ப்பார், வேர் அரைத்துக் கொடுப்பார். அவரிடம் போய் ஒருவரும் சாகவில்லை என்று என் பாட்டனார் சத்தியம் செய்வார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் செத்தவர்களை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? வெள்ளைக்காரன் எழுதி வைத்தால்தான் நம்புவீர்களா?

ஏறாவூர்க் கணக்கு எழுதியது:

காக்கா, உங்கள் பாட்டனார் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

இலங்கை முழுவதும் 44,136 வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டு நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் நம்பாமல் வீடு வீடாகப் போனதால், பரிசாரியிடம் போனவர்களும், எங்கும் போகாதவர்களும் அதில் அடக்கம். அதன்படி ஒரு வருடத்தில் நாட்டில் பாம்பு கடித்தவர்கள் சுமார் 80,514 பேர். உடலில் விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தவர்கள் 30,543 பேர். இறந்தவர்கள் 464 பேர்.

நடுவில் உள்ள எண்ணைப் பாருங்கள். கடிபட்ட நூறு பேரில் ஏறக்குறைய 62 பேருக்கு விஷமே ஏறவில்லை. ஒன்று, கடித்தது விஷமில்லாத பாம்பு. அல்லது விஷப்பாம்பே கடித்தும் விஷத்தை இறக்கவில்லை. இந்த 62 பேருக்கும் கல்லை வைத்தாலும் பிழைப்பார்கள், கற்கண்டை வைத்தாலும் பிழைப்பார்கள். இருட்டில் கடித்தது எது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு வந்தவர் மறுநாள் காலையில் எழுந்து நடந்தால், அந்தப் பெயர் கல்லுக்குத்தான் போகும். பரிசாரியார் எந்தத் தவறும் செய்யாமலேயே அவருடைய புகழ் வளர்ந்திருக்கும்.

இன்னொன்று. கல் வைத்தும் சரிவராதவரை வீட்டார் என்ன செய்வார்கள்? கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சாவு அங்கே நடக்கும், ஆஸ்பத்திரிக் கணக்கில் விழும். "அவரிடம் போய் ஒருவரும் சாகவில்லை" என்பதும், "ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் செத்தார்கள்" என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஒரே ஆளைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

போடியார் பேரன் எழுதியது:

கணக்குச் சரி. ஆனால் அந்த 80,514 பேரில் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றித்தானே பிழைத்தார்கள்? அவர்களையும் சேர்த்துக்கொண்டு "கல் இல்லாமலும் பிழைப்பார்கள்" என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஏறாவூர்க் கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. அதனால்தான் 464ஐ வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. விஷம் ஏறாத 62 பேரை வைத்துத்தான் சொன்னேன். அவர்களைக் காப்பாற்ற எந்த மருந்தும் தேவைப்படவில்லை. மற்ற 38 பேரில்தான் கல்லின் திறமை தெரிய வேண்டும். அங்கே அதைப் பிரித்துப் பார்த்த பரிசாரியாரும் இல்லை, விற்க வந்த வியாபாரியும் இல்லை.

பழைய ஏடு எழுதியது:

போடியாரின் பேரன் வெள்ளைக்காரனைக் கேட்டாரே, அவர் எதிர்பார்க்காத செய்தி ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான், அதுவும் கல்லுக்குச் சாதகமாக!

இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் பாம்புக்கல்லைப் பற்றி விரிவாக எழுதுகிறார். தமிழில் "பாம்புக்கல்" என்று சொல்வதைக் கேட்டு அப்படியே ஆங்கில எழுத்தில் பதிந்தும் இருக்கிறார். சம்பவம் நடந்த இடம் நமக்கு மிகவும் பக்கத்தில்: விந்தனைக் காட்டுப் பாதை, 1854 மார்ச். அவருடைய நண்பர் ஒருவர் அரசாங்க அதிகாரிகள் சிலரோடு குதிரையில் போகிறார். எதிரே இரண்டு தமிழர்கள். அவர்களில் ஒருவர் காட்டுக்குள் பாய்ந்து நாகம் ஒன்றைத் தலையிலும் வாலிலும் பிடித்துக்கொண்டு வருகிறார். கூடைக்குள் போடும்போது விரலில் கடி விழுகிறது. இரத்தம் வருகிறது, வலியில் துடிக்கிறார். கூட்டாளி இரண்டு கறுப்புக் கற்களைக் காயத்தில் வைத்துக் கையைத் தோளிலிருந்து விரல்வரை நீவிவிடுகிறார். மூன்று நான்கு நிமிடங்களில் கற்கள் தாமாகவே விழுகின்றன. கடிபட்டவர் விரல்களை முறுக்கிச் சொடக்கெடுத்துவிட்டுத் தன் வழியே நடக்கிறார்.

படித்தால் மயிர் கூச்செறியும். ஆனால் நிதானமாகப் பாருங்கள். அந்த நாகத்தின் பல் இருந்ததா, பிடுங்கப்பட்டிருந்ததா? விஷம் இறங்கியதா? கைவசம் கல்லும் கூடையும் வைத்திருந்தவர்கள் யார், அதிகாரிகள் வரும் நேரத்தில் அந்தப் பாம்பு எப்படி அகப்பட்டது? எல்லாவற்றுக்கும் மேலாக, "தன் வழியே நடந்தார்" என்பதோடு கதை முடிகிறது. அடுத்த வளைவுக்கு அப்பால் அவருக்கு என்ன ஆனது என்று குதிரையில் இருந்த ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

டெனன்டைக் குறை சொல்லவும் முடியாது. அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கிறேன். கல் ஒன்றை இலண்டனில் மைக்கேல் பாரடேயிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். ஆம், மின்சாரப் பாடத்தில் நாம் படித்த அதே பாரடே. அவர் உடைத்தும் சூடாக்கியும் எரித்தும் பார்த்தார். கரியாக்கப்பட்ட எலும்புத் துண்டு, ஒருவேளை பல தடவை இரத்தத்தில் ஊறவைத்து மறுபடி கரியாக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. எஞ்சிய வெள்ளைச் சாம்பல் ஏறக்குறைய முழுவதும் கல்சியம் பொசுபேற்று. உறிஞ்சும் பொருளாக இது எப்போதாவது பயன்பட்டிருந்தாலும், தன் கைக்கு வந்த நிலையில் அதற்கு உகந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். அதோடு, நான் பார்ப்பதற்கு முன் இதை என்ன செய்தார்களோ, பயன்படுத்தும்போது எப்படிப் பதப்படுத்துவார்களோ என்று தன் முடிவுக்கு ஒரு வேலியும் போட்டுக்கொண்டார்.

கல்லடிப் பாலம் எழுதியது:

அதே டெனன்ட்தான் இரவில் நம் மட்டக்களப்பு வாவியில் தோணியில் போய், அடியிலிருந்து வரும் இசையைக் கேட்டவர். பாடுவது மீன் இல்லை, ஊரி (ஓட்டுக்குள் வாழும் நீருயிர்) என்று மீனவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறார். நாம் இன்னும் பெயர்ப்பலகையில் மீனைத்தான் கீறிக்கொண்டிருக்கிறோம். ஊரியைக் கீறினால் யார் பார்ப்பார்கள்?

நெறியாளர் எழுதியது:

பாடும் மீனுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே இன்னும் சண்டை முடியவில்லை. இங்கே கல்லோடு நில்லுங்கள்.

பழைய ஏடு எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். இந்த வழக்கு டெனன்டுக்கும் முந்தியது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கற்கள் கீழைத்தேயத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் அங்கும் புகழ் பெற்றிருந்தன. ரோமில் இருந்த இயேசு சபை அறிஞர் அதனாசியஸ் கிர்ச்சர், விரியன் கடித்த நாய் ஒன்றுக்குக் கல்லை வைத்துப் பார்த்தாராம். நாய் பிழைத்தது. அவர் நம்பினார். இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி அதே கற்களைப் பல பிராணிகளில் மீண்டும் மீண்டும் சோதித்தார். பலிக்கவில்லை. 1671இல் அந்த முடிவுகளைக் கிர்ச்சருக்கே எழுதிய கடிதமாக அச்சிட்டு வெளியிட்டார். மரியாதையான கடிதம்தான், ஆனால் கல்லுக்கு அதில் மரியாதை மிஞ்சவில்லை.

நம் காலத்தில், 2007இல், இப்படிப்பட்ட கறுப்புக் கல்லை எலிகளில் சோதித்த ஆய்வு வெளிவந்தது. விஷத்துக்கு எதிராக எந்தப் பயனும் காணப்படவில்லை. அதுவும் எரித்த மாட்டெலும்புதான்.

சம்மாந்துறை சேர் எழுதியது:

மாட்டெலும்பு என்றதும் எனக்குக் கை துருதுருத்தது. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. விடுமுறையில் மாணவர்களோடு செய்து பார்த்தோம், செய்முறையைச் சொல்கிறேன்.

இறைச்சிக்கடையில் கால் எலும்பு வாங்கி, அவித்துக் கொழுப்பை நீக்கி, காயவைத்து, சிறு துண்டுகளாக அறுத்தோம். ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போட்டு மூடி, காற்று அதிகம் புகாதபடி சிரட்டைக் கரி நெருப்புக்குள் புதைத்தோம். திறந்த நெருப்பில் போட்டால் வெண்சாம்பலாகிவிடும். மூடிய டின்னில் கரியாகிக் கறுப்பாக நிற்கும். ஆறியபின் உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் மினுக்கினோம். வியாபாரியின் கல்லுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது.

ஈர உதட்டில் வைத்தால் ஒட்டுகிறது. ஊசி குத்திய என் விரலில் வைத்தால் ஒட்டுகிறது. என்னை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். எலும்புக் கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவை ஈரத்தை இழுக்கும்போது தோலோடு பற்றிக்கொள்கின்றன. துளைகள் நிரம்பி இரத்தமும் உறைந்ததும் பிடி தளர்ந்து விழுகிறது. பாலில் குமிழி வருவதும் இதே காரணத்தால்: பால் உள்ளே புக, துளைகளில் இருந்த காற்று வெளியே வருகிறது. நன்றாகக் காய்ந்த செங்கல் துண்டைத் தண்ணீரில் போட்டாலும் அதே வேடிக்கைதான். செங்கல் யாருடைய விஷத்தைக் குடித்தது?

பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பரம்பரைக் கல் ஒன்று இருந்ததை இரவல் வாங்கி, எங்கள் கற்களோடு கலந்து வைத்து, உங்களுடையதை எடுங்கள் என்றோம். அவர் எடுத்தது எங்கள் கல். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தன்னுடையதைப் பத்திரமாகத் துணியில் முடிந்துகொண்டுதான் போனார்.

போடியார் பேரன் எழுதியது:

சேர், நீங்கள் செய்தது போலிக் கல். உண்மையான கல் நாகத்தின் தலையில் விளைவது. அது எல்லோருக்கும் கிடைக்காது. வியாபாரி கொண்டுவந்ததும் போலியாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

ஏறாவூர்க் கணக்கு எழுதியது:

அப்படியென்றால் கடி விழுவதற்கு முன்பே உண்மைக் கல்லையும் போலிக் கல்லையும் பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்று சொல்லுங்கள் காக்கா. ஒட்டுவது அடையாளம் இல்லை, குமிழி அடையாளம் இல்லை, சேர் இரண்டையும் செய்து காட்டிவிட்டார். பிழைத்தால் உண்மைக் கல், செத்தால் போலிக் கல் என்று பின்னால் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால், என் சட்டைப் பொத்தானையும் நாகரத்தினம் என்று நான் விற்கலாம்.

களுவாஞ்சி தாதி எழுதியது:

இரவு வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். கல் விஷத்தை இழுக்காது என்பது ஒரு பக்கம். அதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

பாம்பின் பல் விஷத்தைத் தோலின் மேல் பூசிவிட்டுப் போவதில்லை, தசைக்குள்ளும் தோலுக்கு அடியிலும் செலுத்துகிறது. அது உடனே திசுக்களில் பரவத் தொடங்குகிறது. 2004இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். தொண்டர்களின் காலில், அடையாளமிட்ட போலி விஷத்தை ஊசியால் ஏற்றி, சில நிமிடங்களுக்குள் இதற்கென்றே விற்கப்படும் உறிஞ்சும் பம்பை வைத்தார்கள். வெளியே வந்தது ஏற்றியதில் 0.04 சதவீதம். பம்பின் கதியே இப்படியென்றால் எலும்புக் கரியிடம் என்ன எதிர்பார்ப்பது?

இனிப் பாம்புகள். வயலிலும் வரம்பிலும் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். அதன் விஷம் இரத்தம் உறையும் சத்தைச் செலவழித்துத் தீர்த்துவிடும். நோயாளி வந்ததும் நாங்கள் செய்யும் முதல் சோதனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுத்தமான புதிய கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் தடவை உறைந்தாலும் விடமாட்டோம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வோம். இப்போது யோசியுங்கள்: கல் ஒட்ட வேண்டும் என்பதற்காகக் காயத்தைச் சவர அலகால் கீறிவிட்டு, இரத்தம் உறையாத ஒருவரை எங்களிடம் அனுப்புகிறார்கள். கீறிய இடத்திலிருந்து நிற்காமல் கசியும். சிறுநீரகம் பழுதாவது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

வாடியில் நிலத்தில் படுப்பவரைக் கடிப்பது கட்டு விரியன். இதுதான் என்னைப் பயமுறுத்துவது. வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. நடு இரவில் வயிற்று வலி என்று எழும்புவார். சில மணி நேரத்தில் இமை கனத்துக் கண் மூடும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் நின்றுபோகும். இந்த நேரத்தில் வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் உறைக்கிறதா என்று வாயில் திணித்துப் பார்க்கிறார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். செயற்கைச் சுவாசக் கருவி கிடைத்தால் இவர்கள் பிழைக்கிறார்கள், சில நாள் கருவியில் இருந்தாலும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். கல் விழும்வரை காத்திருந்து வருபவர்களுக்குத்தான் அந்த நேரம் கிடைப்பதில்லை.

திருக்கோவில் மகள் எழுதியது:

என் அப்பா விஷகடிப் பரிசாரி. ஆகவே இங்கே சிலர் சிரித்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்புலன்சும் இல்லை, நல்ல வீதியும் இல்லை, போர்க் காலத்தில் இரவில் சோதனைச் சாவடி தாண்டிப் போகவும் முடியாது. அந்த நாட்களில் மக்கள் எங்கே போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் படலை இரவு பகலாகத் திறந்திருந்தது. அப்பா காசு கேட்க மாட்டார், வெற்றிலையில் வைத்ததை எடுத்துக்கொள்வார். வியாபாரியையும் அவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அப்பாவிடம் கல்லும் இருந்தது. ஆனால் அவருடைய உண்மையான கெட்டித்தனம் கல்லில் இல்லை. அடித்துக் கொண்டுவந்த பாம்பைப் புரட்டிப் பார்த்ததும் இது சாரை, இது நீர்க்கோலி, இது விரியன் என்று சொல்லிவிடுவார். சாரை என்றால் தண்ணீர் ஓதிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டு அனுப்புவார். கண் இமை விழுந்திருந்தால் கல்லைத் தொடவே மாட்டார், "பெரியாஸ்பத்திரிக்கு ஓடு" என்று சத்தம் போடுவார். ஊரார் ஆஸ்பத்திரியை நம்பாத காலத்தில் அப்பா சொன்னால் போவார்கள். உன்னிச்சைத் தம்பிக்கு என் யோசனை இதுதான்: உங்கள் ஊரில் பரிசாரி ஒருவர் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே அவரைப் போய்ப் பாருங்கள். அவரை எதிர்ப்பக்கத்தில் உட்கார வைத்தால் நீங்கள் தோற்பீர்கள்.

களுவாஞ்சி தாதி எழுதியது:

அக்கா, உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் அனுப்பி வந்த நோயாளிகளை நானும் பார்த்திருக்கிறேன். நேரத்தோடு வந்தார்கள். அதை மறுக்க மாட்டேன்.

போடியார் பேரன் எழுதியது:

எல்லோரும் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்கிறீர்கள். என் மைத்துனருக்கு விஷமுறி மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் தடித்து, குளிரில் நடுங்கி, மூச்சுத் திணறியது. பாம்பு கொல்லாததை மருந்து கொல்லப் பார்த்தது. அதைப் பற்றி யாராவது கேள்வி கேட்கிறீர்களா? கேள்வியெல்லாம் ஏழைப் பரிசாரிக்கு மட்டும்தானா?

களுவாஞ்சி தாதி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது நடக்கிறது, அடிக்கடி நடக்கிறது. இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரித்து வரும் மருந்து அது. மனித உடல் அதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால்தான் தேவையில்லாதவருக்கு ஏற்றாமல், குழாயில் இரத்தத்தைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னொரு குறையும் உண்டு. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான் அது தயாரிக்கப்படுகிறது. நம் நாட்டில் நிறையப் பேரைக் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அது பயன்படாது.

கேள்வி கேட்டார்களா என்றால், கேட்டார்கள். ஒவ்வாமை வராமல் தடுக்க என்று வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக மூன்று மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். அட்ரினலின், புரோமெதசின், ஐதரோகோட்டிசோன். கொடுத்தால் நல்லது என்பது டொக்டர்மாரின் அனுபவம். இலங்கையிலேயே 1,007 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் சோதித்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. சிறிய அளவு அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. மற்ற இரண்டும் அப்படிக் குறைக்கவில்லை.

ஏறாவூர்க் கணக்கு எழுதியது:

பார்த்தீர்களா காக்கா, பட்டம் பெற்ற டொக்டர்மாரின் அனுபவத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றில் இரண்டு விழுந்துவிட்டது. பரிசாரியின் கல்லிடம் கேட்பதும் அதே கேள்விதான், கூடக் குறையக் கேட்கவில்லை.

உன்னிச்சை வட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருக்கோவில் அக்கா சொன்னபடி நேற்று எங்கள் ஊர்ப் பரிசாரியாரைப் போய்ப் பார்த்தேன். வியாபாரியின் பேச்சை எடுத்ததும் என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம் வந்தது. கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். இப்போது கேள்வி: கல் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கூட்டம் வெறுங்கையோடு கலையும். அந்த முப்பதாயிரத்துக்கு வேறு என்ன கேட்கலாம்?

களுவாஞ்சி தாதி எழுதியது:

கண்ணாடி விரியன் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கடிக்கிறது. முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து வாங்குங்கள், நல்ல டோர்ச் லைட் வாங்குங்கள். வாடிக்குள் நிலத்தில் படுக்காமல் பரண் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகிவிட்டால் கட்டு விரியன் உள்ளே வராது. நேபாளத்தில் நடந்த ஆய்வில் வலைக்குள் படுத்தவர்களைப் பாம்பு கடித்தது குறைவாக இருந்தது.

1990 இலக்கத்தை வாடிக் கதவில் பெரிதாக எழுதுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. வரத் தாமதமாகும் இடம் என்றால், இரவில் எந்த வாகனம் தயாராக நிற்கும், யார் ஓட்டுவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கடித்த காலை அசைக்காமல் தடி வைத்துக் கட்டித் தூக்கி வாருங்கள், நடக்க விடாதீர்கள். கயிறு கொண்டு இறுக்கக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

உன்னிச்சை வட்டை எழுதியது:

கூட்டம் முடிந்தது. சேர் கொடுத்துவிட்ட எலும்புக் கல்லைப் பரிசாரியாரே எல்லோர் முன்னிலையிலும் விரலில் ஒட்டிக் காட்டினார். பொதுப் பணத்தில் சப்பாத்தும் டோர்ச்சும் வலையும் வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆனால் கூட்டம் கலைந்த கையோடு சிலர் தங்கள் சொந்தக் காசைப் போட்டு வியாபாரியிடம் ஒரு கல்லை வாங்கிவிட்டார்கள். விலையைப் பன்னிரண்டாயிரத்துக்குக் குறைத்துவிட்டோம் என்று அவர்களுக்குப் பெருமை வேறு.

சம்மாந்துறை சேர் எழுதியது:

எனக்குச் சொல்லியிருந்தால் எலும்புக் காசுக்கே தந்திருப்பேன்.

போடியார் பேரன் எழுதியது:

நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் தாதிப் பிள்ளையிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதை நான் தடுக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லை வைத்தால் என்ன பிழை? கடிபட்டவனுக்கு மனத் தைரியமாவது வருமே.

களுவாஞ்சி தாதி எழுதியது:

வண்டி ஓடிக்கொண்டிருந்தால் வையுங்கள் ஐயா. கல் விழட்டும் என்று எங்கும் நிறுத்திக் காத்திருக்காதீர்கள். காயத்தை மட்டும் கீறாதீர்கள்.

போடியார் பேரன் எழுதியது:

கீறி இரத்தம் வராமல் கல் ஒட்டாது, பிள்ளை.

களுவாஞ்சி தாதி எழுதியது:

ஒட்டாமலே இருக்கட்டும் ஐயா. கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.